தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு நோட்டீஸும் கொடுத்துவிட்டார்கள்: அடுத்து என்ன செய்வது?

கேள்வி: தென்மாவட்ட நகராட்சி ஒன்றில், பேருந்து நிலையம் பக்கத்தில் ஆறு வருடமாகத் தள்ளுவண்டிக் கடை போட்டிருக்கிறேன். சிக்கன் 65, காளான், பஜ்ஜி. கணவர் இல்லை, மகன் உதவிக்கு நிற்பான். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நகராட்சி ஆட்களும் உணவு பாதுகாப்பு அலுவலரும் சேர்ந்து வந்தார்கள். எண்ணெய் கறுத்திருக்கிறது, சிக்கனில் கலர் போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லி இரண்டையும் சாக்கடையில் கொட்டினார்கள். வண்டியையும் அடுப்பையும் நகராட்சி லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். வீட்டு சிலிண்டரை வழங்கல் துறையிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள். என் கையில் இருப்பது ஒரே ஒரு நோட்டீஸ்: குறைகளை 15 நாளில் சரிசெய்ய வேண்டுமாம். லைசென்ஸ் இல்லாமல் கடை நடத்தினால் 10 லட்சம் அபராதம், ஆறு மாதம் ஜெயில் என்கிறார்கள். ஒரு புரோக்கர் 6,000 ரூபாய் கொடுத்தால் எல்லாம் முடித்துத் தருகிறேன் என்கிறார். நாலு வருடத்துக்கு முன்பு தெரு வியாபாரிகள் கணக்கெடுப்பில் பெயர் எழுதி ஒரு சீட்டு கொடுத்தார்கள். அட்டை இன்னும் வரவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அந்த 10 லட்சத்தையும் ஜெயிலையும் மனதிலிருந்து இறக்கி வையுங்கள். உரிமம் இல்லாமல் உணவுத் தொழில் நடத்துவதற்கான தண்டனை, உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இன் 63-ஆம் பிரிவில் இருக்கிறது. அதில் அபராதம் 5 லட்சமாக இருந்ததை 2023-ஆம் ஆண்டு ஜன் விஷ்வாஸ் சட்டம் 10 லட்சமாக்கியது. ஆனால் அதே பிரிவு, 31(2)-ஆம் பிரிவில் உரிமத்திலிருந்து விலக்குப் பெற்றவர்களை வெளியே விட்டுவிடுகிறது. சிறு உற்பத்தியாளர், சிறு சில்லறை வியாபாரி, கூவி விற்பவர், ஊர் ஊராகச் சென்று விற்பவர், தற்காலிகக் கடைக்காரர் எல்லோரும் அந்த விலக்கில் வருகிறார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும். பதிவு செய்யாமல் இருந்தது தவறுதான். அதற்குத் தனியாகத் தண்டனை சொல்லாததால் 58-ஆம் பிரிவின் பொதுவான அபராதத்தைப் போட அதிகாரிகள் முயலலாம். அது பணம் சம்பந்தப்பட்ட விஷயம், சிறை இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன ஒன்றுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது: கலர். அனுமதிக்கப்படாத பொருள் சேர்த்த உணவு, சட்டப்படி ‘பாதுகாப்பற்ற உணவு’ என்ற வரையறைக்குள் வந்துவிடும். அதற்கு 59-ஆம் பிரிவு. யாருக்கும் உடம்புக்கு எதுவும் ஆகாவிட்டாலும், 2023 திருத்தப்படி மூன்று மாதம் வரை சிறையும் 3 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். இது சமரசமாகப் பணம் கட்டி முடிக்க முடியாத குற்றம். சிக்கன் 65-இல் செயற்கை நிறம் போட அனுமதி இல்லை. அளவாகப் போட்டேன், பாக்கெட்டில் நல்ல கம்பெனி பெயர் இருந்தது என்பதெல்லாம் செல்லாது. ஆகவே அன்று மாதிரி எடுத்தார்களா என்பதுதான் முதல் கேள்வி.

மாதிரி எடுத்திருந்தால் அதன் அடையாளங்கள் தெளிவாக இருக்கும். படிவம் 5ஏ என்ற எழுத்துமூல அறிவிப்பை உங்கள் கையில் கொடுத்திருக்க வேண்டும். எடுத்த உணவுக்கு நீங்கள் வழக்கமாக விற்கும் விலையைக் கொடுத்திருக்க வேண்டும். மாதிரியை நான்கு பங்காகப் பிரித்து, உங்கள் முன்னால் சீல் வைத்து, கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். ஒரு பங்கு உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு பங்கு மாவட்ட உணவு பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கும் நியமன அலுவலருக்கு, நான்காவது நீங்கள் கேட்டால் உங்கள் செலவில் அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு. அறிக்கை 14 நாளில் வர வேண்டும். அது பாதகமாக இருந்தால் 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். இவை எதுவும் நடக்காமல் வெறுமனே சாக்கடையில் கொட்டியிருந்தால், கலர் குறித்து ஆய்வக ஆதாரம் அவர்களிடம் இல்லை. மகனையும் பக்கத்துக் கடைக்காரரையும் கேட்டு, யார் எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதை இன்றே தேதி போட்டு எழுதி வையுங்கள்.

கொட்டியதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெட்டுப்போகும் உணவு தின்னத் தகுதியில்லாமல் போயிருந்தால் அதை அழிக்க அலுவலருக்கு 38-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. எழுத்துமூல அறிவிப்பு கொடுத்த பிறகு. காரணமில்லாமல் தொல்லை கொடுத்துக் கைப்பற்றிய அலுவலருக்கு 39-ஆம் பிரிவில் 1 லட்சம் வரை அபராதம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். புகார் பொய்யென்று முடிந்தால் புகார் கொடுத்தவருக்கு 50,000 முதல் 1 லட்சம் வரை அபராதம் என்று அதே பிரிவு சொல்கிறது. எண்ணெய் உண்மையிலேயே கறுத்திருந்தால் இந்த வழி உங்களுக்கானது இல்லை.

இனி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்ததை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். வண்டி நிற்கும் இடம் நகராட்சி விவகாரம். வண்டியில் வேகும் உணவு உணவு பாதுகாப்புத் துறை விவகாரம். சிலிண்டர் மாவட்ட வழங்கல் அலுவலருடையது. ஒரே நேரத்தில் வந்தார்கள் என்பதற்காக ஒரே மனுவில் மூன்றையும் எழுதி நகராட்சி ஆணையர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் பலர் செய்யும் தவறு. ஆணையருக்கு உணவு நோட்டீஸை ரத்து செய்ய அதிகாரம் இல்லை. அங்கே மனு தூங்கிக்கொண்டிருக்கும்போது இங்கே 15 நாள் ஓடிவிடும்.

நோட்டீஸ்தான் அவசரம். அதில் யார் கையெழுத்து என்று பாருங்கள். 32-ஆம் பிரிவின் மேம்பாட்டு அறிவிப்பு என்றால் அதைக் கொடுக்க வேண்டியவர் மாவட்ட நியமன அலுவலர். என்ன குறை, அதை எப்படிச் சரிசெய்ய வேண்டும், எத்தனை நாளில் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அவகாசம் 14 நாளுக்குக் குறையக் கூடாது. இதை எதிர்த்து உணவு பாதுகாப்பு ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் 15 நாள் அல்லது நோட்டீஸில் சொன்ன அவகாசம், எது முன்னால் முடிகிறதோ அதற்குள். கையெழுத்து உணவு பாதுகாப்பு அலுவலருடையது மட்டும் என்றால் சட்டப்படி வாதம் இருக்கிறது. இருந்தாலும் அந்த வாதத்தை இப்போது எடுக்காதீர்கள். அலுவலரின் உத்தரவைப் பின்பற்றவில்லை என்று 55-ஆம் பிரிவில் 2 லட்சம் வரை அபராதம் கேட்க இடம் கொடுத்துவிடும். குறையைச் சரிசெய்வதுதான் வழக்கைவிட மலிவு, வேகமும் கூட.

என்ன சரிசெய்ய வேண்டும்? பட்டியல் 2011-ஆம் ஆண்டு உரிமம் மற்றும் பதிவு விதிமுறைகளின் 4-ஆம் அட்டவணையில் இருக்கிறது. தெரு உணவு வியாபாரிகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. வேலை செய்யும் மேற்பரப்பு தண்ணீர் ஊறாததாக, துடைக்க எளிதாக இருக்க வேண்டும். தரையிலிருந்து 60 முதல் 70 சென்டிமீட்டர் உயரம். பலகை மேல் ரெக்சின் விரித்த வண்டிகள் இங்கேதான் மாட்டுகின்றன. ரெக்சின் கிழிந்த இடத்தில் எண்ணெயும் மாவும் இறங்கிப் பலகை ஊறிவிடும், எத்தனை துடைத்தாலும் நாற்றம் போகாது. பலகையின் மேல் எவர்சில்வர் தகடு வைத்து, விளிம்பை மடக்கி அடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது தட்டு கழுவும் வாளி. ஆய்வுக்கு வருபவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான். ஒரே வாளித் தண்ணீரில் இருபது தட்டு முக்கியெடுத்தால் மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும், சோப்பு நுரைக்காது, முதலில் சாப்பிட்டவரின் எச்சில் இருபதாவது தட்டில் இருக்கும். விதி, ஓடும் குழாய்த் தண்ணீரில் கழுவச் சொல்கிறது. தள்ளுவண்டியில் அது நடக்கிற காரியமில்லை. அதனால் வண்டியில் தட்டு கழுவுவதையே நிறுத்திவிடுங்கள்: வாழை இலை, மந்தாரை இலை, பாக்குமட்டைத் தட்டு. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும், தட்டில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பஜ்ஜி எண்ணெய் வடிக்கச் செய்தித்தாள் வைப்பதும் 2018-ஆம் ஆண்டு உணவு உறை விதிமுறைகளில் தடை. அச்சு மை சூடான எண்ணெயில் கரைந்து உணவில் இறங்கும். கம்பி வலை வைத்த எவர்சில்வர் தட்டில் வடியவிடுங்கள்.

தண்ணீருக்குக் குழாய் வைத்த, மூடியுள்ள 20 லிட்டர் கேன் இரண்டு: ஒன்று குடிக்க, ஒன்று கை கழுவ. கை கழுவும் கேன் பக்கத்தில் சோப்பு இருக்கட்டும். பணம் வாங்கிய கையால் சிக்கனைத் தொடுவதுதான் அங்கே நடக்கும் பெரிய பிழை. மகன் காசு, நீங்கள் உணவு என்று பிரித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். கழிவுநீருக்கு மூடிய வாளி, குப்பைக்கு மூடியுள்ள தொட்டி. மேசை துடைக்க ஒரு துணி, கை துடைக்க வேறு துணி.

பச்சைச் சிக்கன் ஐஸ் பெட்டியின் அடியில், மூடியுள்ள டப்பாவில் இருக்க வேண்டும். 5 டிகிரிக்கு மேல் 60 டிகிரிக்குள் கிருமி வேகமாகப் பெருகும். மசாலா தடவியதைச் சாயங்காலம் முழுக்க வெளியில் தாம்பாளத்தில் அடுக்கிக் காட்டுவது அந்த வெப்பத்தில்தான். அரை கிலோ அரை கிலோவாக வெளியே எடுங்கள். பச்சைக்கு ஒரு இடுக்கி, வெந்ததற்கு ஒரு இடுக்கி. நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள் போதும். கேசரிப் பவுடர் டப்பா வண்டியில் இருக்கவே கூடாது. உபயோகிக்கவில்லை, சும்மா வைத்திருந்தேன் என்பதை யாரும் நம்ப மாட்டார்கள். சிக்கனோடு மயோனைஸ் கொடுப்பதாக இருந்தால், பச்சை முட்டையில் செய்ததைத் தொடவே தொடாதீர்கள். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் அதற்கு ஓராண்டுத் தடை விதித்தது கிருமிப் பயத்தால்தான்.

எண்ணெய்: மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் உருவாகும் கெட்ட பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை உபயோகிக்கக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் விதி. கருவி இல்லாமல் கண்ணால் பார்க்கக்கூடிய அறிகுறிகள்: நுரை அடங்காமல் நிற்கும், வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகையும், விரலில் பசைபோல் ஒட்டும். பழைய எண்ணெயில் புதியதை ஊற்றி நிரப்புவதால் மிச்சம் ஆகும் என்று நினைக்கிறோம். உண்மையில் புது எண்ணெயும் சீக்கிரம் கெடுகிறது. சட்டியில் குறைவாக ஊற்றி, உதிர்ந்த தூளை அடிக்கடி அரித்தெடுத்து, இரவில் மிச்சத்தைத் தனி டப்பாவில் சேருங்கள். அதைப் பயோடீசலுக்கு வாங்கிக்கொள்ளும் அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த ரசீதுதான் ‘பழைய எண்ணெயைத் திரும்பப் போடவில்லை’ என்பதற்கு உங்கள் சாட்சி. எண்ணெயைப் பாக்கெட்டில் மட்டும் வாங்குங்கள். சிக்கனுக்கும் எண்ணெய்க்கும் பில் கேட்டு ஒரு கவரில் சேர்த்து வையுங்கள்.

இவ்வளவும் செய்ததும், 15 நாள் முடிவதற்குள் நியமன அலுவலருக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். அழகாக எழுத வேண்டியதில்லை:

“…தேதியிட்ட தங்கள் நோட்டீஸ் …தேதியில் கிடைத்தது. அதில் கண்ட குறை ஒவ்வொன்றையும் கீழ்க்கண்டவாறு சரிசெய்துவிட்டேன். (1) எவர்சில்வர் தகடு பொருத்தினேன், புகைப்படம் இணைப்பு. (2) செயற்கை நிறம் உபயோகிப்பதில்லை. (3) புது எண்ணெய் வாங்கிய பில் இணைப்பு. (4) பதிவுக்கு விண்ணப்பித்த எண் … வண்டி நகராட்சி வசம் இருப்பதால், அது கிடைத்ததும் மறு ஆய்வு செய்யும்படி வேண்டுகிறேன்.”

‘செயற்கை நிறம் உபயோகிப்பதில்லை’ என்ற வரியில் கவனம் வேண்டும். ‘இனிமேல் போட மாட்டேன்’ என்று எழுதினால் இதுவரை போட்டதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். நோட்டீஸில் கேட்டதற்கு மட்டும், இப்போதைய நிலையைச் சொல்லுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்; வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வண்டி இன்னும் கைக்கு வராவிட்டால் அதைச் சொல்லி அவகாசம் நீட்டிக்கக் கேளுங்கள், ஆனால் பதிலைத் தள்ளிப்போடாதீர்கள்.

பதிவுக்குப் புரோக்கர் வேண்டாம். உணவு பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் படிவம் ஏ. ஆதார் போன்ற புகைப்பட அடையாளச் சான்று, முகவரிச் சான்று, ஒரு புகைப்படம். ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் என்றால் பதிவு என்பதும் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்பதும் 2011 விதிமுறைகளில் முதலில் இருந்த கணக்கு. தெரு வியாபாரிகளுக்குச் சலுகை ஏதும் இருந்தால் இணையதளமே கழித்துக் காட்டும். திரையில் தெரியும் தொகைக்கு மேல் அரசுக்கு நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. தொழில் வகையில் ‘நடமாடும் உணவு விற்பனையாளர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் ‘உணவகம்’ என்று போட்டுவிட்டால் அதற்குரிய கேள்விகள் வரும். செல்பேசி எண் உங்களுடையதாகவே இருக்கட்டும். புரோக்கர் தன் எண்ணைக் கொடுத்துவிட்டால் பதிவு பற்றிய தகவலும் கடவு எண்ணும் அவருக்குத்தான் போகும். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்கும் பணம் கொடுக்க வேண்டிவரும். ஏழு நாளில் பதிவு தர வேண்டும், அல்லது காரணத்தோடு மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாகச் சொல்ல வேண்டும். ஆய்வு என்றால் 30 நாளுக்குள் முடிவு. கிடைக்கும் 14 இலக்க எண் 2-இல் தொடங்கும். 1-இல் தொடங்கினால் அது உரிமம். சான்றிதழை வண்டியில் கண்ணில் படும்படி மாட்டுங்கள். கூடவே நீங்களும் மகனும் பதிவுபெற்ற மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்றும், டைபாய்டு தடுப்பூசிச் சான்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வண்டி. இங்கே சட்டம் உங்கள் பக்கம் உறுதியாகவே நிற்கிறது. தெரு வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் தெரு வியாபாரத்தை முறைப்படுத்துதல்) சட்டம் 2014-இன் 3(3)-ஆம் பிரிவு, கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் வழங்கும் வரை எந்த வியாபாரியையும் அகற்றவோ இடம் மாற்றவோ கூடாது என்கிறது. உங்கள் பெயரை எழுதிவிட்டு அட்டை தராமல் இருப்பது நகராட்சியின் பாக்கி. நீங்கள் வீட்டில் வைத்திருக்கும் அந்தக் கணக்கெடுப்புச் சீட்டு இந்த வழக்கின் முதல் ஆவணம்; வெப்பத்தாளில் அச்சடித்ததாக இருந்தால் எழுத்து மங்கும், உடனே நகல் எடுங்கள். அகற்றுவதென்றாலும் 18-ஆம் பிரிவில் 30 நாள் நோட்டீஸ் கட்டாயம். பொருளைக் கைப்பற்றினால் 19-ஆம் பிரிவின்படி பட்டியல் எழுதி நகல் தர வேண்டும். நீங்கள் கோரிய 2 வேலை நாளில் பொருளையும், கெட்டுப்போகும் பொருளாக இருந்தால் அன்றே அதையும், உரிய கட்டணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தர வேண்டும்.

ஆகவே நகராட்சி ஆணையருக்குத் தனி மனு: சீட்டின் நகல், அதே இடத்தில் ஆறு வருடமாக நிற்பதற்கான சான்று (பழைய நகராட்சித் தண்டல் ரசீது, தேதியுள்ள புகைப்படங்கள், பக்கத்துக் கடைக்காரர்களின் கடிதம்), எடுத்துப்போன பொருட்களின் பட்டியல். 19(2)-ஆம் பிரிவில் வண்டியைக் கோருகிறேன், 30 நாள் நோட்டீஸ் எனக்குத் தரப்படவில்லை, விற்பனைச் சான்றிதழை வழங்குங்கள் என்று மூன்று கோரிக்கை. கட்டணம் கேட்டால் ரசீதோடு கட்டி வண்டியை எடுத்துவிடுங்கள். ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுங்கள். வண்டி மழையில் நின்று துருப்பிடிப்பதைவிட அது மேல். அசையவில்லை என்றால் 20-ஆம் பிரிவின் குறைதீர் குழு. அப்படி ஒரு குழுவே இல்லாவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இந்தச் சட்டம் உங்கள் தொழிலைக் காக்கிறது, அதே பத்தடி இடத்தை என்றைக்கும் உங்களுக்கே எழுதிக் கொடுக்கவில்லை. விற்பனை தடைசெய்த பகுதி என்று முறைப்படி அறிவித்தால் வேறு இடத்துக்குப் போக வேண்டிவரும்.

சிலிண்டர் விஷயத்தில் வாதாட எதுவும் இல்லை. 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைக் கடையில் வைப்பது 2000-ஆம் ஆண்டு சமையல் எரிவாயு ஆணைக்கு விரோதம். பின்னால் இருப்பது அத்தியாவசியப் பொருட்கள் சட்டம். மாவட்ட வழங்கல் அலுவலரிடமிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால், முதல் தடவை என்றும், வணிகச் சிலிண்டருக்கு மாறிவிட்டேன் என்றும் பில்லோடு பதில் கொடுங்கள். 19 கிலோ வணிகச் சிலிண்டர் கனமென்றால், அடையாளச் சான்றைக் காட்டி வாங்கும் 5 கிலோ சிறு சிலிண்டர் உங்கள் அளவுக்குச் சரி. சிலிண்டரை அடுப்புக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பெட்டியின் அடியில் தேங்கி, ஒரு பொறிக்குக் காத்திருக்கும். பெட்டிதான் என்றால் அடிப்பக்கம் ஓட்டை இருக்கட்டும். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ரப்பர் குழாய், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. வாயுவை அடைத்து, சட்டியை மூட ஒரு தகட்டு மூடி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பிறகு அபராத வழக்கு வந்தால் அது மாவட்ட வருவாய் அலுவலர் முன் நடக்கும். சுகாதாரமில்லாமல் தயாரித்ததற்கு 56-ஆம் பிரிவில் உச்சம் 1 லட்சம். எவ்வளவு என்று முடிவு செய்யும்போது எவ்வளவு லாபம் அடைந்தீர்கள், திரும்பத் திரும்பச் செய்தீர்களா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று 49-ஆம் பிரிவு சொல்கிறது. மறு ஆய்வு அறிக்கையும், பதிவுச் சான்றும், பில் கவரும் கையில் இருந்தால் தொகை இறங்கும். அதற்கும் முன்பே, சிறு வியாபாரிகளுக்கென்று இருக்கும் 69-ஆம் பிரிவின்படி சமரசத் தொகை கட்டி முடித்துக்கொள்ள நியமன அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். சிறைத்தண்டனை உள்ள குற்றங்களுக்கு அது கிடையாது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று எந்த நோட்டீஸையும் விட்டுவிடாதீர்கள். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நோட்டீஸ், கணக்கெடுப்புச் சீட்டு, ஆதார் மூன்றின் நகலோடு இந்த வாரமே போங்கள். தொலைபேசியில் கேட்க 15100.